வானியல் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நூலகத்தைப் பற்றி, எடுத்துப்போன புத்தகங்கள் திரும்பி வந்தபின் சொல்கிறேன்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, மன்றத்துத் தொலைநோக்கிக்கு பிளேட் சால்விங், அதாவது எடுத்த படத்தை வைத்தே வானில் இடம் கண்டுபிடிக்கும் முறை, வைத்ததுதான். முன்பெல்லாம் எம் 101 போன்ற மங்கலான கேலக்ஸியைப் படத்தின் நடுவுக்குக் கொண்டுவரவே பாதி இரவு போய்விடும். இப்போது கேமரா 5 நொடி திறந்திருந்து ஒரு படம் எடுக்கிறது. அதிலுள்ள நட்சத்திரங்களை நந்நான்காகச் சேர்த்து, அவற்றின் இடைவெளி விகிதங்களை அட்டவணையோடு பொருத்திப் பார்த்து, தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்று மென்பொருள் சொல்லிவிடுகிறது. விலகலுக்கு ஏற்ப மவுண்ட், அதாவது தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மோட்டார் தாங்கி, நகர்கிறது. அப்புறம் மறுபடி ஒரு படம். இந்த வேலையைச் செய்யும் ஆஸ்டாப் மென்பொருளையும் அதன் டி50 நட்சத்திரத் தரவையும் மடிக்கணினியிலேயே ஏற்றி, கேமராவையும் மவுண்டையும் இயக்கும் நினா மென்பொருளோடு இணைத்திருக்கிறோம். இணையம் தேவையில்லை.

சொல்ல எளிது. முதல் மூன்று இரவும் தோல்விதான். கேபிளை மாற்றினோம், குவியத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தோம், மென்பொருளையும் திட்டித் தீர்த்தோம். நாலாம் இரவு ஒருவர் சிவப்பு டார்ச்சைக் குழாயின் பின்பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு, “ஏங்க, ரெட்யூசர் மாட்டியிருக்கே, குவியத்தொலைவு இன்னும் 600-னு இருக்கே?” என்றார். ரெட்யூசர் என்பது குவியத்தொலைவைக் குறைக்கும் லென்ஸ்; மென்பொருளில் நாங்கள் கொடுத்திருந்த 600 மி.மீ., 0.8 ரெட்யூசரோடு 480 மி.மீ. பிக்சல் அளவான 3.76 மைக்ரானை 206.265-ஆல் பெருக்கி, குவியத்தொலைவால் வகுத்தால் பிக்சலுக்கு 1.62 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) வரும். நாங்கள் கொடுத்திருந்த கணக்குப்படி 1.29. எண்ணை மாற்றியதும் சில நொடிகளில் தீர்வு வந்தது. ரெட்யூசரை மாட்டியவர் இந்த அறிக்கையை எழுதுபவர்தான் என்பதும் பதிவில் இருக்கட்டும்.

தீர்வு வந்தும் இலக்கு நடுவை விட்டுத் தள்ளியே நின்றது தனிக்கதை. மவுண்ட் இன்றைய ஆயத்தொலைவில் பேசியது, நினாவோ அதை ஜே2000, அதாவது 2000-ஆம் ஆண்டுக்கான ஆயத்தொலைவு, என்று எடுத்துக்கொண்டது. பூமி அச்சின் தள்ளாட்டம் ஆண்டுக்குச் சுமார் 50 ஆர்க்செகண்ட். 2000-இலிருந்து சேர்ந்தது 20 ஆர்க்நிமிடத்துக்கு மேல், அதாவது முழுநிலவின் அகலத்தில் பாதியைத் தாண்டும். மவுண்ட் டிரைவரில் அந்த ஒரு அமைப்பைத் திருத்தினோம். அன்றிரவே எம் 101 இரண்டாவது படத்தில் நடுவில் வந்து நின்றது.

ரெட்யூசர் மூடியில் இப்போது ‘480’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. தயவுசெய்து யாரும் கிழிக்க வேண்டாம்.

செயலாளர்