ஏ.பி. எத்தனை என்று கேட்கும் பெற்றோருக்கு

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு வணக்கம்.

அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வந்து சேரும் பருவம் இது. ஏ.பி. என்பது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்; முடிவில் ஒரு பொதுத் தேர்வு, அதில் 1 முதல் 5 வரை மதிப்பெண். பொதுப் பள்ளி ஒன்றில் ஏ.பி. கால்குலஸ் நடத்துகிறவள் என்பதால், இந்த மாதங்களில் எங்கே போனாலும் என்னிடம் ஒரே கேள்விதான்: "மேடம், மொத்தம் எத்தனை ஏ.பி. எடுத்தா போதும்?" பிறந்தநாள் விருந்திலும் கேட்கிறார்கள், கோயில் பிரசாத வரிசையிலும் கேட்கிறார்கள். ஆறு ஏழு போதும் என்றால் முகம் வாடிவிடுகிறது. தெரிந்தவர் வீட்டுப் பெண் பன்னிரண்டு எடுத்தாளாம். நின்ற வாக்கில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நான் ஏ.பி.க்கு எதிரி இல்லை. நன்றாக நடக்கும் ஏ.பி. வகுப்பு, பள்ளியில் கிடைக்கும் நல்ல விஷயங்களில் ஒன்று. என் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொட்டிக்குள் தண்ணீர் வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் கொடுத்து, எந்த நேரத்தில் தண்ணீர் மிகக் குறைவாக இருந்தது, காரணம் காட்டு என்று கேட்பார்கள். கோச்சிங் வகுப்பில் தயாராகி வரும் பிள்ளை இரண்டு வேகமும் சமமாகும் நேரத்தைச் சட்டென்று கண்டுபிடித்து, வட்டம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். தொடக்கத்திலும் முடிவிலும் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்காது. அந்த ஒப்பீட்டையும் அதை விளக்கும் ஒரு வரியையும் எழுதினால்தான் முழுப் புள்ளி. விரிவாக எழுத வேண்டிய கேள்விகள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் 9 புள்ளி. வெறும் விடை எண்ணுக்கு அதில் கிடைப்பது சொற்பம். இப்படிக் காரணம் எழுதப் பழகுவதற்கு ஓர் ஆண்டு பிடிக்கிறது. ஒரே நேரத்தில் ஆறு ஏ.பி. வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஓர் ஆண்டு கிடைப்பதில்லை. வீட்டுப்பாடத்தைப் பேருந்தில் பார்த்து எழுதிவிட்டு, என் வகுப்பில் மேசையின் கீழ் ஏ.பி. உயிரியல் ஃபிளாஷ் கார்டு புரட்டிக்கொண்டிருக்கும். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன், வேறென்ன செய்ய?

இந்த எண்ணிக்கைப் பித்து எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1950-களின் தொடக்கத்தில், பள்ளிக் கடைசி ஆண்டில் படித்ததையே கல்லூரி முதலாண்டில் திரும்பப் படிக்கிறார்களே என்ற கவலையில், ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில் சில பள்ளிகளும் கல்லூரிகளும் சேர்ந்து யோசித்ததில் பிறந்ததுதான் ஏ.பி. 1955-ல், இன்றும் ஏ.பி. தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு அதை எடுத்துக்கொண்டது. நன்றாகப் படிக்கும் கொஞ்சம் பேருக்கு, ஓரிரண்டு பாடங்களில் ஒரு படி முன்னால் போக வழி, அவ்வளவுதான் நோக்கம். 1998-ல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஜே மேத்யூஸ் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்த ஒரு கணக்கு போட்டார். ஒரு பள்ளியில் எழுதப்பட்ட ஏ.பி. போன்ற தேர்வுகளின் எண்ணிக்கையை, அந்த ஆண்டு பள்ளி முடிக்கும் மாணவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எழுதினால் போதும், தேற வேண்டும் என்று அந்தக் கணக்கு கேட்கவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கும் ஏ.பி. கதவைத் திறக்கச் செய்த வகையில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் தரவரிசையில் மேலே வர விரும்பும் பள்ளிக்கு, உங்கள் பிள்ளை இன்னொரு தேர்வு எழுதுவது லாபம் என்றாகிவிட்டது. பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சலர் "சேரலாமே" என்று சிரித்துக்கொண்டே சொல்லும்போது இதையும் கொஞ்சம் மனதில் வையுங்கள். இன்னொரு பக்கம், 2018-ல் வாஷிங்டன் வட்டாரத்தின் எட்டுத் தனியார் பள்ளிகள் ஏ.பி. பாடங்களையே கைவிடப் போவதாக அறிவித்தன.

சரி, கல்லூரிகள் எண்ணிப் பார்க்கின்றனவா? நம்மில் பலர் கண் வைத்திருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களையே பார்ப்போம். ஏ.பி. போன்ற பாடங்களுக்குக் கூடுதல் மதிப்பு சேர்த்து ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) கணக்கிடும்போது, ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரை அதிகபட்சம் 8 செமஸ்டர்களுக்குத்தான் கூடுதல் புள்ளி. அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து 4-க்கு மேல் எடுக்க மாட்டார்கள். ஆண்டு முழுக்க நடக்கும் பாடம் என்றால் நாலே நாலு. ஒன்பதாம் வகுப்பில் எடுத்த ஏ.பி. இந்தக் கணக்கில் வருவதே இல்லை. பாடங்கள் எவ்வளவு கடினம் என்று தனியாகவும் பார்ப்பார்கள், உண்மைதான். ஆனால் பதினான்கு வயதுப் பையனைத் தூங்கவிடாமல் செய்வதற்கு ஜி.பி.ஏ.வைக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு கதை இன்னும் வேடிக்கை. பெரும்பாலான கல்லூரிகளுக்கு 'வருகிறேன்' என்று உறுதி சொல்லக் கடைசி நாள் மே 1. ஏ.பி. தேர்வுகள் அதற்குப் பிறகு மே மாதத்தில், மதிப்பெண் ஜூலையில். அதாவது அந்த ஆண்டுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் இடம் கிடைப்பதற்கும் சம்பந்தமே இல்லை, கிரெடிட்டுக்கு, அதாவது கல்லூரிப் பாடம் ஒன்றை முடித்ததாகக் கணக்கில் சேர்ப்பதற்கு, மட்டும்தான் பயன். நம் ஊரில் ப்ளஸ் டூ மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்சிலிங் போன தலைமுறை நாம். இது மண்டையில் ஏறக் கொஞ்சம் நேரமாகிறது. கட்டணத்தையோ நவம்பரிலேயே கட்டச் சொல்கிறார்கள். 2025-ல் ஒரு தேர்வுக்கு 99 டாலர். ஏப்ரலில் கல்லூரி முடிவானதும், அங்கே அந்தப் பாடத்துக்கு ஒன்றும் தரமாட்டார்கள் என்று தெரிந்தால், தேர்வை எழுதாமல் விடுவதில் தவறே இல்லை. 40 டாலர் பிடித்துக்கொள்வார்கள். போகட்டும்.

கிரெடிட் விஷயத்தில் ஊருக்கு ஒரு சட்டம். டெக்சஸில் 2015-ல் வந்த சட்டப்படி அரசுக் கல்லூரிகள் பொதுவாக 3 மதிப்பெண்ணுக்கே கிரெடிட் தர வேண்டும். டார்ட்மத் கல்லூரி, 2018-ல் பட்டம் பெறும் அணியிலிருந்து ஏ.பி.க்குக் கிரெடிட் தருவதை நிறுத்திவிட்டது. கால்டெக்கும் தருவதில்லை. எம்.ஐ.டி.யில், ஏ.பி. கால்குலஸின் மேல்நிலைப் பாடமான பி.சி.யில் 5 வாங்கினால் முதல் கணிதப் பாடத்தைத் தாண்டலாம். வேதியியலில் 5 வாங்கினாலும் ஒன்றும் இல்லை. அந்த 3, 4, 5 என்பதும் கல்வெட்டு இல்லை. ஏ.பி. அமெரிக்க வரலாற்றில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் 2023-ல் சுமார் 48 சதவீதம். அளவுகோலை மாற்றியதும் 2024-ல் சுமார் 72 சதவீதம். பிள்ளைகள் ஒரே ஆண்டில் அவ்வளவு புத்திசாலிகள் ஆகிவிடவில்லை.

கிரெடிட் கிடைத்தால் பாடத்தைத் தாண்டலாமா என்றும் கேட்பீர்கள். பொறியியல் படிக்கப் போகிற பிள்ளைக்கு என் யோசனை: அந்தக் கல்லூரியின் பழைய கால்குலஸ் இறுதித் தேர்வுத் தாள் ஒன்றைத் தேடி எடுத்து, கோடையில் கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்கட்டும். சிரமமில்லாமல் வந்தால் தாண்டலாம். தட்டுத் தடுமாறினால் 5 வாங்கியிருந்தாலும் மறுபடி உட்காரட்டும். அடுத்த பாடம் இதன் மேல்தான் நிற்கிறது.

அடுத்து, நான் அதிகம் கவலைப்படுவது டூயல் என்ரோல்மென்ட், அதாவது பள்ளியில் இருக்கும்போதே கல்லூரியிலும் சேர்ந்து பாடம் எடுப்பது. ஏ.பி.யைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் பெற்றோர்கள், கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) பாடத்தைக் கோடை முகாமில் சேர்ப்பது போலச் சேர்த்துவிடுகிறார்கள். "ரெண்டு மாசம் சும்மாதானே இருக்கான்." நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. மினசோட்டாவில் 1985-லிருந்தே இதற்குச் சட்டம் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் இதற்கு ரன்னிங் ஸ்டார்ட் என்று பெயர், ஒஹாயோவில் காலேஜ் கிரெடிட் பிளஸ். மாநிலப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கப் போகிறோம் என்று தெளிவாக இருக்கும் குடும்பத்துக்கு இது ஏ.பி.யைவிடச் சிக்கனம், பல சமயம் புத்திசாலித்தனமும்கூட. ஒரே நாள் தேர்வில் தலையெழுத்து முடிவாவதில்லை.

ஆனால் ஏ.பி.யில் 2 வாங்கினால் அதை எந்தக் கல்லூரிக்கும் அனுப்பாமல் விட்டுவிடலாம். கம்யூனிட்டி காலேஜில் வாங்கிய 'சி' அழியவே அழியாது. அது கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட், அதாவது நிரந்தர மதிப்பெண் பதிவு. பதினைந்து வயதில் எடுத்தது என்று யாரும் தள்ளிவிட மாட்டார்கள். மருத்துவப் படிப்புக்கான ஏ.எம்.சி.ஏ.எஸ். விண்ணப்பத்தில், பள்ளியில் இருக்கும்போது எடுத்த கல்லூரிப் பாடங்களையும் சேர்த்துக் காட்ட வேண்டும், ஜி.பி.ஏ.விலும் அவை சேரும். சட்டக் கல்லூரி விண்ணப்பத்திலும் அப்படித்தான். 'டாக்டராக்கணும்' என்ற ஆசையில் சேர்த்த அந்தக் கோடைப் பாடமே ஏழெட்டு வருடம் கழித்து டாக்டர் விண்ணப்பத்தில் வந்து நிற்கும். அப்புறம், தரம்பார்த்துச் சேர்க்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும், பள்ளிப் படிப்பை முடிக்கப் பயன்படுத்திய கல்லூரிப் பாடத்துக்குத் தங்களிடம் மறுபடி கிரெடிட் தருவதில்லை.

கோடையில் ஆறு வாரத்தில் ஓடும் ஆன்லைன் ஆங்கிலப் பாடத்தில் சேர்ந்த பிள்ளை ஒன்று, முதல் கட்டுரை ஞாயிறு நள்ளிரவுக்குள் என்று சிலபஸில் இருந்ததைப் பார்க்கவே இல்லை. பள்ளியில் என்றால் நாங்கள் மூன்று முறை நினைவூட்டுவோம், பெற்றோருக்கு மின்னஞ்சல் போடுவோம். அங்கே பூஜ்யம் விழுந்தது. அப்பா பேராசிரியருக்கு எழுதினார். மாணவரிடம் மட்டுமே பேச முடியும் என்று இரண்டு வரியில் பதில். அதில் பேராசிரியரின் ஆணவம் ஏதும் இல்லை. கல்லூரியில் சேர்ந்துவிட்டால், வயது எதுவானாலும், அந்தக் கல்லூரியின் பதிவேடுகள் மீதான உரிமை மாணவர் கைக்குப் போய்விடுகிறது. 1974-ல் வந்த ஃபெர்பா சட்டம் சொல்வது அதுதான். ஆகவே உங்கள் பெண்ணோ பையனோ தானாக ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிச் சந்தேகம் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். கணிதத்தில் முந்தியிருப்பது வேறு, இது வேறு.

தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒன்று. பள்ளி முடித்த பிள்ளைகளை மேடையில் பாராட்டும்போது, பெயருக்குப் பின்னால் ஏ.பி. எண்ணிக்கையை வாசிப்பதை நிறுத்திவிடுங்கள். கீழே உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் அதை மனக்கணக்கு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஏ.பி. மொழிகளில் சீனம் உண்டு, ஜப்பானியம் உண்டு, லத்தீன்கூட உண்டு, தமிழ் இல்லை. அதனால் சுமை ஏறியதும் முதலில் கழற்றிவிடப்படுவது தமிழ்ப்பள்ளிதான் என்பது உங்களுக்கே தெரியும். சில பள்ளி மாவட்டங்கள் தமிழ்ப்பள்ளிப் படிப்பை அயல்மொழிக் கிரெடிட்டாக ஏற்கின்றன. மேடையில் அதைச் சொல்லுங்கள், நாலு குடும்பத்துக்குப் பயன்படும்.

இந்த ஆண்டுப் படிவத்தைப் பிள்ளைகளே நிரப்பட்டும். ஒவ்வொரு ஏ.பி.க்கும் எதிரே ஏன் என்று கேளுங்கள். "பிடிக்கும்" என்பது போதுமான பதில், "எல்லாரும் எடுக்கிறாங்க" என்பது இல்லை. ஏற்கெனவே போட்டுக் கொடுத்துவிட்டீர்கள் என்றாலும் பதறாதீர்கள். பள்ளி திறந்ததும் முதல் சில வாரங்களுக்குள் கவுன்சலரிடம் போனால் பெரும்பாலான பள்ளிகளில் வகுப்பை மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு விலகினால் பல இடங்களில் டிரான்ஸ்கிரிப்டில் 'டபிள்யூ' விழும். உங்கள் பள்ளியின் கடைசித் தேதி என்ன என்று இப்போதே கேட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை