அது சித்திரவதைக் கருவி இல்லை, பாளை இடுக்கி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் 'மன்னர் காலத்துச் சித்திரவதைக் கருவி, வயது 500' என்று அரைப்பக்கத்துக்கு ஒரு படம் போட்டிருந்தீர்கள். கைதியின் விரலை அதில் வைத்து நசுக்கி உண்மையைக் கக்க வைப்பார்களாம். படித்துவிட்டுப் பயந்துதான் போனேன். எங்கள் வீட்டுக் கூரை இறவாணத்தில் அதே கருவி இரண்டு செருகி வைத்திருக்கிறோம்.

அது பனையேறியின் பாளை இடுக்கி. பாளையை, அதாவது பனையின் பூங்கொத்தை, அதில் வைத்து நாள்தோறும் பதமாக நசுக்கிக் கொடுத்து, அப்புறம் பாளை அரிவாளால் நுனியை மெல்லிசாகச் சீவினால்தான் பதநீர் சொட்டும். ஆண் பனைக்கு ஒன்று, பெண் பனைக்கு ஒன்று என்று இரண்டு தினுசு உண்டு. நசுக்குகிற உள்பக்கம் மட்டும் சாறு ஊறிக் கறுத்து வழவழவென்று இருப்பது உங்கள் படத்திலேயே தெரிகிறது. அதை ரத்தக்கறை என்று எழுதாமல் விட்டீர்களே, நன்றி.

வயதுக்கு வருவோம். இடுக்கியின் பூட்டுவாயில் ஆறுபட்டை நட்டும் போல்ட்டும் பளிச்சென்று இருக்கின்றன. எந்த மன்னர் காலத்து ஹார்டுவேர் கடையில் வாங்கியதோ! போல்ட்டைப் பின்னால் மாட்டியிருக்கலாம் என்பீர்கள். சரி, மரத்துக்கு என்ன சாட்சி? கார்பன் பரிசோதனை செய்தாலும் மரம் எப்போது வளர்ந்தது என்றுதான் தெரியும், தச்சர் எப்போது இழைத்தார் என்று தெரியாது. வெயிலிலும் சாற்றிலும் புழங்குகிற இடுக்கி எங்கள் வீட்டில் எதுவும் அப்பா காலத்துக்கு முந்தியது இல்லை. தேய்ந்தால் அடுப்புக்குப் போகும், புதிது வரும்.

இது முதல் தடவையும் இல்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தோடு மரத்தில் நின்றவரைப் படமெடுத்து 'கள் இறக்கும் தொழிலாளி' என்று முன்பு போட்டீர்கள். சுண்ணாம்பு தடவுவதே பதநீர் புளித்துக் கள்ளாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான். 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ள மாநிலத்தில், அந்த ஒரு வரியால் மரமேறுகிற என் தம்பி எத்தனை பேருக்குப் பதில் சொன்னான் தெரியுமா? 2023இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது உங்கள் இதழில் மூலையில் நாலு வரி. பனை நம் மாநில மரம் என்று தலையங்கம் எழுத மட்டும் தவறுவதில்லை.

அடுத்த இதழில் 'பாளை இடுக்கி' என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள், போதும். படத்தைத் தலைகீழாக வேறு அச்சிட்டிருக்கிறீர்கள். அதையும் நேராக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
கருப்பட்டி காய்ச்சும் ஒரு வாசகி,
உடன்குடி