ஓப்பன் பார்க்க அப்பாவைக் கூட்டிப் போவதற்கு முன்

அன்புள்ள கண்ணா,

2027 ஜூலையில் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடக்கப்போகும் ஓப்பன் கோல்ஃப் போட்டிக்கு எங்களைக் கூட்டிப் போவதாக நீ அனுப்பிய செய்திக்கு, அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே சரி என்று பதில் போட்டுவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எங்கே தங்குவது, எப்படிப் போய் வருவது என்று அவரிடம் கேட்டுப் பார், 2000இல் அதே மைதானத்தில் டைகர் உட்ஸ் நான்கு நாளும் பங்கர் என்கிற மணல் பள்ளம் ஒன்றில்கூடப் பந்தை விடாமல் ஜெயித்த கதையை ஆரம்பித்துவிடுவார். அதனால் திட்டம் போடும் வேலை வழக்கம்போல நம் இருவர் தலையில்தான். நான் கொஞ்ச நாளாக உட்கார்ந்து படித்துப் பார்த்ததை எல்லாம் எழுதுகிறேன், வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் போட்டால் நீ பாதியை விட்டுவிடுவாய்.

முதலில் நீ எல்லாரையும் போல டிக்கெட்டில் ஆரம்பிக்காதே. ராத்திரி எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், எந்தப் படுக்கைக்குத் திரும்பப் போகிறோம் என்பதில் ஆரம்பி. ஏன் சொல்கிறேன் என்றால், வேறு பல போட்டிகளில் முதல் இரண்டு நாளும் முதல் குழியிலும் பத்தாவது குழியிலுமாக இரண்டு பக்கமும் ஆட்டத்தைத் தொடங்குவார்கள், அதனால் சீக்கிரம் முடியும். ஓப்பனில் அப்படி இல்லை. 156 பேரும் முதல் குழியிலிருந்துதான் கிளம்ப வேண்டும். 2022இல் இதே மைதானத்தில் நடந்தபோது வியாழக்கிழமை காலை 6.35க்கு முதல் குழு கிளம்பியது, கடைசிக் குழு கிளம்பும்போது மாலை 4 மணி தாண்டிவிட்டது. அதிலும் அந்தப் பழைய மைதானத்தில் க்ரீன் என்கிற, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை ஒன்றையே இரண்டு குழிகள் பங்கு போட்டுக்கொள்வதாலும், ஒருவர் பாதையில் இன்னொருவர் குறுக்கே வருவதாலும், ஒரு சுற்று முடிய ஆறு மணி நேரம்கூட ஆனது. ஸ்காட்லாந்தில் ஜூலையில் சூரியன் மறைய ஏறக்குறைய பத்து மணி ஆகும் என்பதால் அவர்களுக்கு அவசரமும் கிடையாது. வெளிச்சம் இருக்கும்வரை அப்பாவை நாற்காலியிலிருந்து எழுப்பவும் முடியாது, அது உனக்கே தெரியும்.

அப்புறம் பார்த்தால் அந்த ஊரில் ரயில் நிலையமே இல்லை. இருந்ததை 1969இல் மூடிவிட்டார்கள். பக்கத்தில் இருப்பது லூக்கர்ஸ், எட்டு கிலோமீட்டர் இருக்கும், அங்கிருந்து பேருந்து. காலையில் மக்கள் வெவ்வேறு நேரத்தில் வந்து இறங்குவார்கள், அது பிரச்சினை இல்லை. மாலையில் கூட்டம் மொத்தமாக அந்த ஒரு சின்ன நிலையத்துக்குத்தான் போகும். 2022இல் ரயில் ஓட்டுநர்களின் சம்பளத் தகராறினால் ஸ்காட்லாந்து முழுவதும் ரயில்களைக் குறைத்திருந்தார்கள், ரயிலை நம்பி வராதீர்கள் என்று ரசிகர்களிடம் சொல்லும்படி ஆகிவிட்டது. அடுத்த முறையும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் ரயில் நின்றாலும் பேருந்தில் திரும்பக்கூடிய இடத்தில் தங்கினால் எனக்கு நிம்மதி.

அதனால் என் ஓட்டு டண்டீக்கு. டே ஆற்றுக்கு அந்தப் பக்கம், செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ரயிலில் லூக்கர்ஸுக்குக் கால் மணி நேரம்தான், ரயில் இல்லாவிட்டாலும் 99ஆம் எண் பேருந்து பாலத்தைத் தாண்டி வருகிறது, ரொம்ப மோசமானால் டாக்ஸிக்குக்கூடக் கட்டுப்படியாகும் தூரம். எடின்பரோவில் தங்கலாம் என்று நீ எழுதியிருந்தாய், ஊர் அழகுதான், ஆனால் 80 கிலோமீட்டர், ரயிலில் ஒரு மணி நேரம், அதற்கு முன்னால் லூக்கர்ஸ் வரிசை. போட்டி முடிந்த பிறகு இரண்டு நாள் அங்கே இருப்போம், போட்டி நாட்களில் வேண்டாம். டண்டீயில் கிடைக்காவிட்டால் கூப்பரைப் பார், எடின்பரோவிலிருந்து வரும்போது லூக்கர்ஸுக்கு முந்தைய நிலையம், சின்ன ஊர். கடலோரத்தில் ஆன்ஸ்ட்ரதர், கிரெய்ல் என்று மீனவ ஊர்கள் இருக்கின்றன, படத்தில் பார்த்தால் மனம் அங்கேயே போய்விடுகிறது, ஆனால் அங்கே ரயில் கிடையாது, பேருந்துதான். நீ வண்டி ஓட்டுவதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். வண்டியில் போனாலும் மைதானம் வரை விடமாட்டார்கள், ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு போட்டி நடத்துகிறவர்கள் விடும் பேருந்தில் போக வேண்டியிருக்கும்.

ஊருக்குள்ளேயே தங்கினால் என்ன என்று அப்பா கேட்டார். இருபதாயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது, 2022இல் அந்த ஒரு வாரத்தில் வந்தவர்கள் 2,90,000 பேர். அந்த வாரத்துக்கு வீட்டைக் காலி செய்து வாடகைக்கு விட்டுவிட்டு ஊரை விட்டே போய்விடுகிறவர்கள் உண்டாம், வாடகை ஆயிரக்கணக்கான பவுண்டில் ஓடும். எட்டு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் ஒருவேளை கட்டுப்படியாகலாம், மூன்று பேருக்கு அது வீண். அதைவிட அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் கோடை விடுமுறையில் மாணவர் விடுதி அறைகளை வெளியாருக்கு விடுகிறது, ஓப்பன் வாரத்தில் அதில் நமக்கு ஏதாவது மிஞ்சுமா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவை, கேட்பதில் என்ன நஷ்டம். 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு என்று போட்டி நடத்துகிறவர்களே இலவசக் கூடார முகாம் போட்டிருக்கிறார்கள் முந்தைய ஆண்டுகளில், உனக்கு அந்த வயது போய்விட்டது, அப்பாவின் முதுகுக்கு அது வேண்டவே வேண்டாம்.

எந்த ஊரில் எடுத்தாலும் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள். வீட்டையோ வீட்டின் ஒரு அறையையோ குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விட ஸ்காட்லாந்தில் இப்போது உரிமம் வேண்டும், அந்த உரிம எண்ணை விளம்பரத்திலேயே போட வேண்டும் என்பது சட்டம். தற்காலிக விலக்கு வாங்கி விடுகிறவர்களும் இருப்பார்கள், அப்படியானால் அதற்கான அத்தாட்சியைக் கேள். எண்ணும் இல்லை, கேட்டால் பதிலும் இல்லை, ஆனால் முழுப் பணத்தையும் வங்கிக் கணக்குக்கு அனுப்பு என்றால் அந்தப் பக்கமே போகாதே. இது மாதிரிக் கூட்டம் சேரும் வாரத்துக்கு இல்லாத வீட்டைப் படம் போட்டு விற்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, அறையை ஞாயிறு இரவோடு முடிக்காதே. போட்டி 15 வியாழன் தொடங்கி 18 ஞாயிறு முடிய வேண்டும், முடியும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2015இல் இதே செயின்ட் ஆண்ட்ரூஸில் வெள்ளிக்கிழமை மழை கொட்டியது, சனிக்கிழமை காற்றில் க்ரீனில் வைத்த பந்து தானாக உருண்டு ஓடியது, பத்து மணி நேரத்துக்கு மேல் ஆட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். கடைசிச் சுற்று திங்களுக்குப் போய், அதிலும் மூன்று பேர் சமமாக நின்று, கூடுதல் குழிகள் ஆடிய ப்ளேஆஃபில்தான் ஸாக் ஜான்சன் ஜெயித்தார். ஞாயிறு ராத்திரியே ரயில் பிடிக்க வேண்டியிருந்த ரசிகர்களை நினைத்துப் பார். திங்கள் ராத்திரியும் சேர்த்தே அறை எடு, வேலைக்கு லீவும் செவ்வாய் வரை சொல்லிவை.

இதில் எங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, உனக்கு அது கிடையாது என்பதால் நீ யோசித்திருக்க மாட்டாய். அறையை ஒரு வருடத்துக்கு முன்னாலேயே பிடிக்க வேண்டும், ஆனால் எங்கள் விசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும். கோடையில் கூட்டம் அதிகம், கைரேகை கொடுக்க நேரம் கிடைப்பதே தாமதமாகும். ஆகையால் அறை எடுக்கும்போது பணம் கொஞ்சம் கூடப் போனாலும் கடைசிவரை ரத்து செய்யக்கூடியதாகவே எடு. ‘திருப்பித் தரமாட்டோம்’ என்று போட்டிருக்கும் மலிவு அறையைப் பார்த்து மயங்காதே, மிச்சம் பிடிக்கிறேன் என்று நீ அப்படித்தான் செய்வாய். விமான டிக்கெட்டை விசா கையில் வந்த பிறகு நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், நேராக எடின்பரோ வருவதா, லண்டன் வந்து உன்னோடு சேர்ந்து போவதா என்பதை அப்போது பார்க்கலாம். லண்டனிலிருந்து என்றால் யூஸ்டனில் கிளம்பும் இரவு ரயில் ஒன்று, அபர்தீன் போகும் பெட்டிகள், லூக்கர்ஸிலும் டண்டீயிலும் நிற்கிறது. சனிக்கிழமை இரவு மட்டும் ஓடாது. படுக்கை அறையோடு வரும் பெட்டி விலைதான், ஆனால் ஒரு ராத்திரி ஹோட்டல் காசு மிச்சம். அப்பாவுக்கு ரயில் தூக்கம் நன்றாக வரும். எனக்கு வராது, பரவாயில்லை.

இனி டிக்கெட். கடையில் போய் வாங்குவது மாதிரி இல்லை, குலுக்கல். ஓப்பனின் தளத்தில் இலவசமாக உறுப்பினராகிக்கொண்டு, எந்தெந்த நாள் வேண்டும் என்று விண்ணப்பம் போட வேண்டும், விழுந்தால்தான் உண்டு. 2022இல் நடந்த 150ஆவது ஓப்பனுக்கு 13 லட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன. அதே ஊருக்குத் திரும்பி வருவதால் இந்த முறையும் மோதுவார்கள். கிடைக்காவிட்டால் அவர்களே நடத்தும் மறுவிற்பனைப் பக்கத்தில் காத்திரு, வேறு எந்தத் தளத்தில் யார் விற்றாலும் வாங்காதே, வாசலில் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். டிக்கெட் எல்லாம் போனில்தான் வரும், அதனால் அப்பாவின் போனைப் பழையதையே வைத்துக்கொண்டு வரவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

எந்த நாள் என்பதில்தான் உனக்கும் அப்பாவுக்கும் சண்டை வரப்போகிறது. அவருக்கு ஞாயிறு வேண்டும், கோப்பை கொடுப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் ஒரு பயிற்சி நாள், அப்புறம் வியாழன் அல்லது வெள்ளி. பயிற்சி நாளில் டிக்கெட் விலை குறைவு, கூட்டமும் குறைவு, ஆட்டக்காரர்கள் நின்று ஒரே இடத்திலிருந்து நாலு பந்து அடித்துப் பார்ப்பார்கள், கையெழுத்தும் போடுவார்கள். முதல் இரண்டு நாளில் 156 பேரையும் பார்க்கலாம், வெள்ளி மாலை ஆட்களைக் குறைக்கும் ‘கட்’ ஆனதும் முதல் 70 இடங்களில் இருப்பவர்களும் 70ஆவது ஆளுக்குச் சமமாக இருப்பவர்களும்தான் மிச்சம். ஞாயிறு மதியத்துக்கு மேல் எல்லாரும் கடைசி இரண்டு குழிக்கு வந்து நிற்பார்கள், முன்னால் நிற்பவர் முதுகைத்தான் பார்க்க வேண்டும். ஞாயிறு மாலையை அறையில் டிவியில் பார்த்தால் காபியோடு பார்க்கலாம். இதை அவரிடம் நீ சொல், நான் சொன்னால் எடுபடாது.

அதோடு இந்த மைதானத்தில் ஒரு ஆட்டக்காரர் பின்னாலேயே நடந்து போய்ப் பார்க்க நினைப்பது வீண் வேலை. போகிற பாதையும் வருகிற பாதையும் ஒட்டி ஒட்டி இருப்பதால் நடுவில் நம்மை விடமாட்டார்கள், வெளி ஓரத்தில்தான் நடக்க வேண்டும், பந்து அடிக்கிறவர் அந்தக் கோடியில் புள்ளியாகத் தெரிவார். போக மூன்று கிலோமீட்டர், வர மூன்று கிலோமீட்டர், அப்பாவின் முழங்காலுக்கு இது ஆகாது. கோடியில் 7ஆவது குழியிலிருந்து 11ஆவது வரை மைதானம் வளைந்து திரும்புகிறது, மொத்த மைதானத்திலும் இருக்கும் இரண்டே ‘பார் 3’ குழிகளான, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய 8ம் 11ம் அங்கேதான். காலையில் சீக்கிரம் போய் அந்தப் பக்கம் பார்வையாளர்கள் உட்காரும் ஒரு மேடையில் இடம் பிடித்தால் போகிறவர்களையும் வருகிறவர்களையும் உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். மேடைகளில் பெரும்பாலும் தனி டிக்கெட் கிடையாது, முதலில் வருகிறவருக்கு முதலிடம். மதியத்துக்கு மேல் மெதுவாக 17ஆவது குழிப் பக்கம் வந்தால் அந்த ரோடு ஹோல் பங்கரில் யாராவது மாட்டிக்கொண்டு முழிப்பதை அப்பா ரசிப்பார்.

துணிமணி விஷயம் நான் பார்த்துக்கொள்கிறேன். வெயில் 20 டிகிரியைத் தொட்டாலே அங்கே பெரிய விஷயமாம், கடல் காற்று சும்மா இருக்காது, மழைக்கோட்டு ஆளுக்கு ஒன்று. பை சின்னதாக இருக்க வேண்டும், அளவு போட்டிருப்பார்கள், பார்த்து வாங்கு. தண்ணீர் பிடித்துக்கொள்ள ஒரு காலி பாட்டில்.

அந்த மைதானத்தில் இருக்கும் சின்னக் கல் பாலமான ஸ்வில்கன் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போட்டி வாரத்தில் அது நடக்காது. ஆனால் மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மைதானத்தில் ஆட்டம் கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே நடக்கலாம், ஊர்க்காரர்கள் நாயோடு வருவார்களாம். விசா ஆறு மாதத்துக்குக் கொடுப்பார்கள், எப்படியும் உன்னோடு கொஞ்ச நாள் இருக்கத்தான் போகிறோம். மேடைகளைப் பிரித்து முடித்த பிறகு ஆகஸ்டில் ஒரு ஞாயிறு போய் வரலாம், மைதானம் திறந்திருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்.

இப்போதைக்கு நீ செய்ய வேண்டியது, டண்டீயில் புதன் முதல் செவ்வாய் காலை வரை ரத்து செய்யக்கூடிய அறை இரண்டு, லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டு எடு. அப்புறம் குலுக்கல் எப்போது திறக்கிறது என்று பார்த்து நம் மூன்று பேருக்கும் விண்ணப்பம் போடு. எங்கள் பாஸ்போர்ட் நகலை நாளைக்கு அனுப்புகிறேன். அப்பாவின் பாஸ்போர்ட் 2027இல் காலாவதியாகிறது, அதைப் புதுப்பிக்க இந்த மாதமே கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
அம்மா