மாத்திரை டப்பாவைக் காட்டாதீர்கள்: உளவியல் குற்றத் தொடர் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எங்கள் வீட்டில் ஒரு பந்தயம் உண்டு. புதிதாக ஒரு உளவியல் குற்றத் தொடர் வந்தால் நானும் அண்ணனும் சேர்ந்து உட்காருவோம். இரண்டாவது எபிசோட் முடிவதற்குள் ஆளுக்கொரு பெயரைச் சீட்டில் எழுதி மடித்து வைத்துவிட வேண்டும். கடைசி எபிசோட் முடிந்ததும் பிரித்துப் பார்ப்போம். தோற்றவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். மூன்று வருடமாக அநேகமாக நான்தான் கழுவுகிறேன்.

அண்ணன் பெரிய துப்பறியும் புலி ஒன்றும் கிடையாது. அவருடைய வழி ரொம்பச் சுலபம். ஏதாவது ஒரு பாத்திரம் (கதைப் பாத்திரத்தைச் சொல்கிறேன், கழுவுகிற பாத்திரம் வேறு) குளியலறை அலமாரியைத் திறக்கும். உள்ளே இருக்கும் மாத்திரை டப்பாவின் மேல் கேமரா ஒரு நொடி நின்று போகும். அவ்வளவுதான், அண்ணன் சீட்டை எழுதி மடித்துவிடுவார். "முடிஞ்சு போச்சும்மா, பாத்திரத்தை ஊற வை" என்பார். கையோடு தன் டப்பாவையும் எடுத்து வந்து இரவு மாத்திரையைப் போட்டுக்கொள்வார். மனச்சிதைவு நோய்க்காக 11 வருடமாக அவர் மருந்து சாப்பிடுகிறார். மற்றவர்கள் கவனிக்காத டப்பா அவர் கண்ணில் பட்டுவிடுவதற்கு அதுதான் காரணம்.

அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, ஆனா அழுகாச்சியா எழுதாதே" என்றார். சரி, அழவில்லை. ஒரு ரசிகையாக என் வயிற்றெரிச்சலை மட்டும் சொல்கிறேன்.

எட்டு எபிசோட், எட்டு மணி நேரம். அதில் ஏழு மணி நேரம் நீங்கள் போடுகிற முடிச்சுகளை நாங்கள் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிச் சேர்த்து வைக்கிறோம். யார் எப்போது வீட்டைவிட்டு வெளியே போனார், எந்தக் கதவு பூட்டியிருந்தது, அக்காவும் தங்கையும் ஏன் பேசிக்கொள்வதில்லை, அந்தப் பழைய கார் யாருடையது. எட்டாவது எபிசோடில் ஒரு மருத்துவர் வந்து உட்கார்ந்து, "அவருக்குள் இன்னொருவர் இருந்தார்" என்கிறார். அந்தக் காரும் கதவும் என்ன ஆயின? ஒன்றுக்கும் பதில் தேவையில்லை. நோய் என்று சொல்லிவிட்டால் காரணம் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

1929 இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அவரே துப்பறியும் கதை எழுதியவர், பாதி கிண்டலாகத்தான் எழுதினார். பத்தாவது கட்டளை, வாசகரை முன்கூட்டியே தயார் செய்யாமல் இரட்டைப் பிறவிகளைக் கொண்டுவராதே என்பது. நீங்கள் அந்தக் கட்டளையை மீறவில்லைதான். இரட்டையரில் ஒருவரை இன்னொருவரின் மண்டைக்குள்ளேயே ஒளித்து வைத்துவிட்டீர்கள்.

இன்னொரு விஷயம், "சைக்கோ" என்ற சொல். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு ஆட்களைப் போட்டுக் குலுக்குகிறீர்கள். சைக்கோசிஸ் என்பது நடப்புலகத்தோடு பிடி தளர்ந்து போகும் நிலை. இல்லாத குரல் கேட்கும், யாரோ பின்தொடர்வதாகத் தோன்றும். அந்த நிலையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் பயம்தான் அதிகம். சைக்கோபாத் என்று சொல்லப்படுபவருக்கு நடப்புலகத்தின் மேல் நல்ல பிடி இருக்கும், அடுத்தவர் வலிதான் உறைக்காது. அதை அளக்க ராபர்ட் ஹேர் என்ற உளவியலாளர் உருவாக்கிய 20 அம்சப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் சைக்கோபாத் தன்மை தனி நோயாகவே இல்லை. உங்கள் வில்லனுக்கு முதலாமவரின் மாத்திரையும் இரண்டாமவரின் மூளையும் இருக்கின்றன. குரல் கேட்டுக் குழம்பிக் கிடக்கிறார், அதே வாரம் தடயமே இல்லாமல் மூன்று கொலைக்குத் திட்டமும் போடுகிறார். அண்ணன் சிரிக்கிறார்: "எனக்கு உடம்பு முடியாம இருந்தப்ப செருப்பு எங்க விட்டேன்னே தெரியாது. இவரு எப்படி இவ்ளோ ப்ளான் பண்றாரு?"

உடனே நீங்கள் கேட்பீர்கள், மனநோய் உள்ளவர் குற்றம் செய்ததே இல்லையா என்று. செய்திருக்கிறார்கள். மறைத்துப் பேச நான் வரவில்லை. உங்கள் தொடர்களில் வரும் "மனத்தைப் படிக்கும் மேதை"க்கு மூதாதை மாதிரி ஒரு வழக்கு இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம்.

1940 முதல் 1956 வரை, நடுவில் சில வருட இடைவெளி விட்டு, நியூயார்க்கில் ஒருவர் குண்டு வைத்துக்கொண்டிருந்தார். திரையரங்கு, ரயில் நிலையம், நூலகம் என்று ஓர் இடம் பாக்கியில்லை. போலீஸ் கடைசியில் ஜேம்ஸ் பிரசல் என்ற மனநல மருத்துவரிடம் போனது. குண்டு வைத்தவர் எழுதிய கடிதங்களை அவர் படித்துவிட்டு, பிடிபடும்போது அந்த ஆள் இரட்டை வரிசைப் பொத்தான் வைத்த கோட்டை ஒழுங்காகப் பூட்டியிருப்பார் என்று சொன்னாராம், அப்படியே நடந்ததாம். இந்தக் கோட்டுக் கதையைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஜார்ஜ் மெடஸ்கி என்ற அந்த ஆளைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? மின்சார நிறுவனத்தின் அலுவலகத்தில் பழைய கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுத்தர். 1931 இல் அங்கே வேலையில் அடிபட்ட ஒருவருக்கு நஷ்டஈடு மறுத்திருந்தார்கள். அவருடைய கடிதங்களில் "அநீதி", "நிரந்தர ஊனம்" என்று இருந்தது. குண்டு வைத்தவரின் பகிரங்கக் கடிதத்திலும் அதே சொற்கள். 1957 ஜனவரியில் கைது.

மெடஸ்கிக்கு மனச்சிதைவு இருந்தது உண்மை. சிறைக்குப் பதில் மனநோயாளிகளுக்கான காப்பகத்துக்கு அனுப்பினார்கள். 1973 இல் வெளியே வந்து, 1994 இல் 90 வயதில் இறந்தார். ஆனால் கதை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கொதிகலன் வாயுவில் நுரையீரல் கெட்டுப்போன ஒரு தொழிலாளி, தள்ளுபடியான மனு, பதில் வராத கடிதங்கள், வருடக்கணக்காக ஊறிய ஆத்திரம். அந்த எழுத்தர் மேசையில் கோப்பைத் திறக்கும் காட்சிக்கு நான் எத்தனை எபிசோட் வேண்டுமானாலும் காத்திருப்பேன். இதையே நீங்கள் எடுத்தால் மாத்திரை டப்பாவில் தொடங்கிக் கோட்டுப் பொத்தானில் முடிப்பீர்கள் என்று பயமாக இருக்கிறது.

என் தோழி ஒருத்திக்கு இதில் ஒப்புதல் இல்லை. "கடைசியில தூக்கிவாரிப் போடலைன்னா எதுக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கணும்?" என்கிறாள். மெதுவாக நகரும் தொடர் என்றாலே வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்க்கிறவள் அவள். நியாயம்தான், எனக்கும் ட்விஸ்ட் பிடிக்கும். ஆனால் திரும்பப் போய் முதல் எபிசோடைப் பார்த்தால், "அட, இது அப்போதே கண் முன்னால் இருந்ததே" என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். நோயை வைத்து முடித்த தொடரை நாங்கள் யாரும் இரண்டாம் தடவை பார்த்ததில்லை, தோழி உட்பட.

யார் செய்தது என்பதைச் சீக்கிரமே சொல்லிவிட்டும் எங்களைக் கட்டிப்போட முடியும். 2025 இல் வந்த 'அடலசன்ஸ்' (Adolescence) என்ற பிரிட்டிஷ் தொடர் நான்கே எபிசோட், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) பதின்மூன்று வயதுப் பையன் குற்றம் செய்தானா என்பது முதல் எபிசோட் முடிவிலேயே வீடியோவில் தெரிந்துவிடுகிறது. அன்றைக்கு எங்கள் பந்தயம் செல்லவில்லை, சீட்டைக் கிழித்துப் போட்டோம். மூன்றாவது எபிசோடில் ஒரு அறை, ஒரு மேசை, அந்தப் பையன், மதிப்பீடு செய்ய வந்த ஒரு பெண் உளவியலாளர். பேச்சுதான், வேறொன்றுமில்லை. அவன் குழைகிறான், கெஞ்சுகிறான், திடீரென்று கத்துகிறான், அடுத்த நிமிடமே குழந்தையாகிறான். அவர் அவனுக்கு ஒரு நோயின் பெயரை வைத்துவிட்டுப் போவதில்லை. அவன் போன பிறகு தனியாக நின்று அவர் மூச்சை இழுத்துப் பிடிக்கிற இடத்தில் அண்ணன் டிவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பால்கனியில் போய் நின்றார். திரும்பி வந்து, "இவங்க மாதிரி ஒரு டாக்டர் எனக்குக் கிடைச்சாங்க" என்றார், அப்புறம் மீதியைப் பார்த்தோம்.

இன்னும் இரண்டு சின்ன மனக்குறை. சிறுவயதுக் கொடுமையை நீலநிற ஃப்ளாஷ்பேக்கில் காட்டிவிட்டுக் கணக்கை முடிக்காதீர்கள். அடிபட்டு வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் யாரையும் கொல்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அப்புறம், செத்துப்போன பெண்ணின் பெயரை மூன்றாவது எபிசோடில் நீங்களே மறந்துவிடுகிறீர்கள். சுவரில் ஒட்டிய புகைப்படமாக மட்டும் தொங்குகிறாள். கொலைகாரனின் மனத்துக்கு எட்டு மணி நேரம் கொடுக்கிற நீங்கள் அவளுக்கு எட்டு நிமிடம் கொடுங்கள்.

மாத்திரை டப்பாவைக் காட்டவே கூடாது என்பதில்லை. அதை ஒரு துப்பறியும் அதிகாரியின் அலமாரியில் வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். அவர் ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பட்டும். கதையும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அடுத்த காட்சிக்குப் போகட்டும். அப்படி ஒரு தொடர் வந்தால் அண்ணன் அன்றைக்குத் தப்பான பெயரை எழுதுவார். எழுதிவிட்டு, "ஏமாத்திட்டாங்கம்மா" என்று சந்தோஷமாகத் திட்டிக்கொண்டே குழாயடிக்குப் போவார்.

இப்படிக்கு,
மூன்று வருடமாகப் பாத்திரம் கழுவுகிற தங்கை