அண்ணாவுக்கு: படத்தில் விடுபட்ட மச்சானைப் பற்றி

அண்ணா,

உங்கள் படங்களை வைத்து நான் போட்ட காலண்டரை இனி அச்சடிப்பதில்லை என்று நேற்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உங்கள் படங்கள் பதினொன்றையும் வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் நானே கொண்டுவந்து தருகிறேன். சித்திரை வந்தால் மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடமாகச் செய்யாததை இப்போது ஏன் செய்கிறேன் என்று பாப்பா கேட்பாள். இதை அவள்தான் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். பாப்பா, முழுதும் படி, நடுவில் விடாதே.

இதைப் பொதுவில் எழுத ஒரு காரணம் உண்டு. அந்தக் காலண்டரும் பொதுவில்தான் தொங்கியது. வாங்கியவர்களில் பலர் இங்கே வந்து படிக்கிறவர்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய தப்பு என்னுடையது, உங்களுடையது இல்லை என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

அன்றைக்கு உங்கள் வாசல்படியில் உட்கார்ந்து நான்தான் ஆசையாகப் பிரித்துக் காட்டினேன். ஒவ்வொரு தாளாகத் திருப்பினீர்கள். ஏப்ரல் தாளில் நின்றுவிட்டீர்கள். பாறை, தேனடைகள், கொடி ஏணியில் தொங்குகிற ஆள், கையில் புகைப்பந்தம். ஏணி மேலே போய்த் தாளின் விளிம்பில் முடிகிறது. அந்த விளிம்பில் கட்டைவிரலை வைத்து, "மச்சான் எங்க?" என்றீர்கள். தாளின் அளவுக்குப் பொருந்தவில்லை, மேலே கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது என்றேன்.

"அப்ப இவன் விழுந்துருவானே."

நான் சிரித்தேன் அண்ணா. வெட்டியதைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் முதலில் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

அந்த மச்சானை நீங்கள் வரைந்தபோது நான் பக்கத்தில்தானே இருந்தேன். வேங்கைப் பிசினைக் கல்லில் வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்தீர்கள். முதலில் கறுப்பாக இருந்தது காயக் காயச் செம்பழுப்பானது. குச்சி முனையில் அதைத் தொட்டு, மூச்சை அடக்கி, தலைக்கு ஒரு புள்ளி, கொடியைப் பிடிக்க இரண்டு கோடு. ஒரு நெல்மணி அளவுகூட இல்லாத ஆள். மேலே நின்று கொடியைக் காக்கிறவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோவாகத்தான் இருக்கவேண்டும் என்றீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "கூடப் பிறந்தவளை எவனாவது விதவையாக்குவானா?" என்றீர்கள்.

இவ்வளவும் தெரிந்துதான் வெட்டவிட்டேன். வடிவமைத்த பையன் மேல் பழி போட மாட்டேன். அவன் அனுப்பியதைப் பார்த்து 'சரி' என்று பதில் போட்டது நான். வாங்குகிறவர்களுக்குத் தேனீயும் பாறையும் போதும் என்று நினைத்தேன். அச்சுக்குப் போக இரண்டே நாள்தான் இருந்தது என்பதும் உண்மை. உண்மையாக இருந்தாலும் அது காரணமாகாது என்று இப்போது புரிகிறது. தேனீக்களிடம் பாடிக் கேட்டுவிட்டு இறங்குவது, அடையில் ஒரு பங்கை அவற்றுக்கே விட்டுவிட்டு வருவது, மேலே சொந்தக்காரனை நிறுத்துவது, இதெல்லாம் சேர்ந்தால்தான் அந்த ஆளுக்குப் பாறையில் கைவைக்க உரிமை. மச்சானை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பாறையில் திருடுகிறவன் ஒருவன். உங்கள் படத்தை நான் அப்படி ஆக்கிவிட்டேன்.

ஆனால் அண்ணா, நீங்கள் அன்றைக்கே ஏன் திட்டவில்லை? காப்பி கொடுத்து, பேருந்து வரைக்கும் கூட வந்து வழியனுப்பிவிட்டு, அப்புறம் ஒருநாளும் போனை எடுக்கவில்லை. உங்கள் நிறங்கள் நாலு: செம்மண் சிவப்பு, வெள்ளை மண், மரப்பட்டைக் கறுப்பு, இலைப் பச்சை. அதில் நீலம் கிடையாது. நான் அக்ரிலிக் டப்பாவை நீட்டி ஆற்றுக்கு நீலம் கேட்டபோது நீங்கள் மறுக்கவில்லையே! 'இவங்க ஆளை வெட்டினவங்க' என்று என்னைப் பற்றி நீங்கள் சொன்னதாக வேறொருவர் வாயால் கேட்க எனக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கும் கோபம் உண்டு. அதை மறைத்துக்கொண்டு எழுதினால் இந்த மன்னிப்பும் பொய்யாகிவிடும்.

சிலவற்றை இங்கே எழுத மாட்டேன். நீலகிரியில் கீழ்க்கோத்தகிரிப் பக்கத்தில் பழைய ஓவியங்கள் இருக்கிற எழுத்துப் பாறையை வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும், அதில் இருப்பது உங்கள் முன்னோர் கை என்று நீங்கள் சொல்வதும் தெரியும். ஆனால் தேன்பாறை எந்த ஓடையைத் தாண்டி இருக்கிறது என்பதும், நீங்கள் பாடிய பாட்டின் சொற்களும் என்னோடு இருக்கட்டும். 2006 வன உரிமைச் சட்டப்படி நீங்கள் கொடுத்த மனு எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அப்படியே.

அதில் ஒன்று மட்டும். கோயில் சுவரில் வரைகிற படத்தை மனுவோடு வைக்கலாமா என்று கேட்டீர்கள். படத்தை யார் சாட்சியாக எடுப்பார்கள் என்று நான் சொன்னது தப்பு. 1997இல் ஆஸ்திரேலியாவில் கிரேட் சாண்டி பாலைவனத்துப் பூர்வகுடி மக்கள் சுமார் எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் துணியில் தங்கள் நீர்நிலைகளை வரைந்தார்கள். 'இங்குராரா' என்று அதற்குப் பெயர். நில உரிமைத் தீர்ப்பாயத்தார் முன் அதை விரித்து, அவரவர் நீர்நிலையின் மேல் ஏறி நின்று சொந்த மொழியில் பேசினார்கள். 2007இல் உரிமை அங்கீகரிக்கப்பட்டது. இதைப் படித்தபோது ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. உங்களுக்கு வந்த அதே யோசனை, உங்களுக்குத் தானாக வந்தது, அதை நான்தான் கெடுத்தேன்.

பெட்டியைத் திறந்து பார்க்கும்போது திடுக்கிடாதீர்கள். ஏப்ரல் படத்தில் மேலே பிசின் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. மச்சானின் வலது கை, கொடியைப் பிடித்திருக்கும் கை, பாதிதான் தெரிகிறது. நான் தொடவில்லை. அதற்குப் பிசின் நீங்கள்தான் கரைக்க வேண்டும்.