கேஸ்கெட்டின் கனம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இன்ஜின்களில், மேல்பகுதியான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் அடிக்கடி போவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள செய்திகள் பல இருந்தாலும், அழுத்தம் கூடிய இன்ஜினுக்குக் கனம் (தடிமன்) கூடிய கேஸ்கெட்டைப் போட்டால் போதும் என்று பொருள்படும்படி அதில் எழுதியிருப்பதை, இன்ஜின் வேலையையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை.

கனமான கேஸ்கெட் ஹெட்டைச் சற்றே உயர்த்தி, கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதைக் காட்டும் கம்ப்ரஷன் விகிதத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். 86 மி.மீ. போரும் (உள்விட்டம்) அதே அளவு ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள சிலிண்டரில் விகிதம் 9 என்றிருந்தால், கேஸ்கெட்டின் கனம் அரை மி.மீ. கூடும்போது அது ஏறத்தாழ 8.6 ஆகிவிடும். இதனால் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து இன்ஜின் தட்டுவது) குறையும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் பிஸ்டன் மேலேறி வரும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளிதான் கலவையை நடுப்பகுதிக்குப் பிதுக்கித் தள்ளி வேகமாக எரியச் செய்கிறது. அது அகன்றால் எரிதல் மந்தமாகி, எதற்காகக் கனத்தைக் கூட்டினோமோ அந்தப் பயனில் ஒரு பகுதி கைநழுவிப் போகிறது. டீசல் இன்ஜினிலோ நம் விருப்பத்துக்கு இடமே இல்லை. பிளாக்கின் மேல்தளத்தைத் தாண்டி பிஸ்டன் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று டயல் கேஜ் என்ற நுண் அளவுகோலை வைத்து அளந்து, அதற்குரிய கனத்தைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்தே வாங்க வேண்டும். பல டீசல் கேஸ்கெட்டுகளின் ஓரத்தில் காணப்படும் சிறு வெட்டுகளும் துளைகளும் அந்தக் கனத்தைத்தான் குறிக்கின்றன.

வாயுவை உண்மையில் அடைத்து நிறுத்துவது போல்ட்டுகளின் இறுக்குவிசை. அப்படியும் அழுத்தம் உச்சத்தைத் தொடும் கணத்தில் ஹெட் இம்மியளவு மேலெழத்தான் செய்யும். பல அடுக்கு எஃகுத் தகடுகளாலான எம்.எல்.எஸ். கேஸ்கெட்டில் சிலிண்டரைச் சுற்றி எழுப்பப்பட்டுள்ள மேடு, ஸ்பிரிங் போல விரிந்து அந்த இடைவெளியை நிரப்பிவிடும். டர்போவுக்கு நான் அதையே விரும்புவதற்குக் காரணம் இதுதான். செம்புத் தகடு பந்தய இன்ஜின்களுக்கானது. அன்றாடம் ஓடும் காரில் கூலன்ட் கசிவுத் தொல்லையைக் கொடுக்கும். எந்த வகையானாலும் கேஸ்கெட்டின் துளை சிலிண்டர் போரைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். ஓரம் எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், அது பழுக்கக் காய்ந்து ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும்.

ஆனால் சொரசொரப்பான தளத்தில் எம்.எல்.எஸ். சரியாக உட்காராது. ஆர்.ஏ. (சராசரி சொரசொரப்பு) கணக்கில் ஏறத்தாழ 1.25 மைக்ரானுக்கு மேல் சொரசொரப்பு இருக்கக் கூடாது என்பது பொது வழக்கு. தயாரிப்பாளர் இன்னும் வழவழப்பாகக் கேட்டால் அதுவே விதி. ஹெட்டின் மீதும் பிளாக்கின் மீதும் நீளவாட்டிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் ஸ்ட்ரெய்ட் எட்ஜை (நேர்விளிம்புச் சட்டம்) வைத்து, 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) எங்கேனும் நுழைகிறதா என்று பார்க்காமல் மூடுவது வீண் வேலை. பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தை எடுக்க, சுழலும் உராய்வு வட்டைப் பயன்படுத்தும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை உண்டாக்குவதோடு, உதிரும் துகள்கள் ஆயிலில் கலந்து பேரிங்குகளையும் தின்றுவிடும்.

போல்ட் துளைகளில் தேங்கிய ஆயிலையும் கூலன்ட்டையும் காற்றடித்து வெளியேற்றாமல் இறுக்கினால், அடைபட்ட திரவம் பிளாக்கையே விரிசல் விடச் செய்யலாம். அதற்குள், திருப்புவிசையை (டார்க்) அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சும் பொய்க் கணக்குக் காட்டும். குறிப்பிட்ட டார்க்குக்குப் பின் கோணம் வைத்துத் திருப்பும், இறுக்கும்போது சற்றே நீளும் இழுபடு போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் மறுபடி பயன்படுத்தக் கூடாது என்றால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறம் நோக்கி, படிப்படியாக, கையேடு காட்டும் வரிசையில் இறுக்குவதே முறை. எம்.எல்.எஸ். கேஸ்கெட்டின் மேல் பசை தடவுவதும் தயாரிப்பாளர் சொன்ன இடங்களைத் தவிர வேண்டாம்.

கட்டுரையில் முற்றிலும் விடுபட்டது காரணம் காணும் வேலை. டர்போ இன்ஜினில் கேஸ்கெட் தானாகப் போவது அரிது. நாக்கிங், மிகையான பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), முன்தள்ளிய இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்), போதாத எரிபொருள், அடைபட்ட ரேடியேட்டர் ஆகியவற்றுள் ஒன்று பெரும்பாலும் பின்னணியில் இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் ஹெட்டை மூடினால், எவ்வளவு உயர்ந்த கேஸ்கெட்டும் அதே இடத்தில் மறுபடி எரிந்து போகும். கழற்றிய கேஸ்கெட்டைக் குப்பையில் போடுவதற்கு முன் எந்தச் சிலிண்டருக்கு அருகே எரிந்திருக்கிறது என்று பார்க்கும்படியும், அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் பிஸ்டன் தலையையும் சோதிக்கும்படியும் வாசகர்களுக்குத் தங்கள் அடுத்த கட்டுரையில் எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இன்ஜின் மெக்கானிக் ஒருவர்