ஓடிய நேரத்தையும் போடுங்களேன்

ஐயா,

கல்லூரி ஆண்கள் தடகளப் போட்டி முடிவுகளைப் போட்டிருந்தீர்கள், சரி, போட்டதற்கே நன்றி. ஆனால் பரிசு கொடுத்தவர்கள் பெயர் ஆறு வரி, ஜெயித்த பையன்கள் பெயர் நாலே வரி. எத்தனை நொடியில் ஓடினான், எத்தனை மீட்டர் தாண்டினான் என்று ஓர் எண்கூட இல்லையே?

மும்முறை தாண்டுதலில் மூன்றாவதாக வந்தவன் என் தம்பி மகன். பாலக்கோட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, உங்கள் பேப்பரில் தன் பெயருக்குப் பக்கத்தில் பேனாவால் 13.92 என்று எழுதி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அந்த எண்ணை நீங்களே போட்டிருக்கலாம். 2023-இல் நம் நாட்டு மும்முறை தாண்டுதல் வீரர் பிரவீன் சித்திரவேல் தாண்டிய 17.37 மீட்டர் அவனுக்கு மனப்பாடம், தன் தூரமும் அச்சில் இருந்தால் இன்னும் எவ்வளவு பாக்கி என்று ஊரில் நாலு பேர் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள் அல்லவா.

அப்புறம், 100 மீட்டருக்கு நேரம் போட்டால் அது கையால் ஸ்டாப்வாட்ச் அமுக்கியதா, மின்னணுக் கருவி காட்டியதா என்றும் ஒரு வார்த்தை சேருங்கள். கையால் எடுத்த நேரம் கிட்டத்தட்ட கால் நொடி குறைத்தே காட்டும், ஒப்பிடும்போது 0.24 நொடி கூட்டிக்கொள்வது வழக்கம். காற்றும் அப்படித்தான், முதுகுப் பக்கமிருந்து நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் வீசினால் சாதனைக் கணக்கில் சேராது.

இடம் இல்லை என்பீர்கள். மேடைப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் போதும்.

- ஒரு வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்